போர் கேமில் ஓடும் ஹம்வீ யாருக்குச் சொந்தம்?

நிஜ ராணுவ வாகனம் ஒன்று வீடியோ கேமுக்குள் வந்துவிட்டது, தயாரித்த கம்பெனி வழக்குப் போட்டுவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே வாக்குவாதம்தான் கிளம்புகிறது. உழைத்து வடிவமைத்தவன் காசு கேட்பதில் என்ன தப்பு என்கிறது ஒரு தரப்பு. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய வண்டியைப் படமாக வரைய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது இன்னொன்று. இரண்டுமே சொத்துரிமை பற்றிய கேள்விகள். வழக்கு நடப்பதோ டிரேட்மார்க் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்துக்கு வண்டி யாருடையது என்பதில் பெரிய அக்கறை கிடையாது. கேமை வாங்குகிறவர் "இதை அந்தக் கம்பெனிதான் செய்தது" அல்லது "அவர்கள் ஆதரவில் வந்தது" என்று ஏமாறுகிறாரா என்பதுதான் அதன் கவலை.

இந்த விஷயத்தில் பேசத்தக்க தீர்ப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவில் வந்தவை. அதனால் கீழே வருவதில் பெரும்பகுதி அமெரிக்கச் சட்டம். ஐரோப்பாவுக்குக் கடைசியில் ஒரு எட்டு போய்வரலாம்.

## முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

தமிழ்ச் செய்திகளில் "காப்புரிமை" என்ற ஒரே சொல் பேட்டன்டுக்கும் வருகிறது, காப்பிரைட்டுக்கும் வருகிறது. குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. இங்கே பேட்டன்டைக் காப்புரிமை என்றும், காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு டாங்கியின் மேல் நான்கு வகை உரிமைகள் இருக்கலாம்.

1. காப்புரிமை. ஒரு கண்டுபிடிப்பு வேலை செய்யும் விதத்துக்குக் கிடைப்பது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. டாங்கியின் சஸ்பென்ஷனுக்கு இது இருக்கலாம். ஆனால் திரையில் ஓடும் டாங்கிக்குள் சஸ்பென்ஷன் ஏது? குலுங்குவதுபோல் காட்டும் கணக்கு மட்டும்தான் அங்கே இருக்கிறது. கேம் இந்த உரிமையோடு மோதுவதில்லை.

2. பதிப்புரிமை. எழுத்து, ஓவியம், இசை, மென்பொருள் போன்றவற்றுக்கானது. பயன்பாட்டுக்காகச் செய்த பொருளின் வடிவத்துக்கு அமெரிக்கச் சட்டம் இதை எளிதில் தருவதில்லை. பொருளிலிருந்து தனியே பிரித்துப் பார்க்கக்கூடிய கலை அம்சம் ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் உண்டு. ராணுவ வண்டியில் அப்படி எதையும் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

3. வடிவமைப்புக் காப்புரிமை. அலங்காரத் தோற்றத்துக்கானது. இன்றைய அமெரிக்கச் சட்டப்படி 15 ஆண்டு. கேம்களில் வரும் பல வாகனங்கள் 1970களிலும் 80களிலும் வரையப்பட்டவை. அவற்றுக்கு இந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

4. டிரேட்மார்க். வணிகத்தில் பயன்படுத்திக்கொண்டே இருக்கும்வரை இதற்கு முடிவே இல்லை.

முதல் மூன்றும் கைகொடுக்காத இடத்தில் கம்பெனிகள் நான்காவதைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அந்தக் கடைசி வரிதான்.

## டிரேட்மார்க் காப்பது எதை?

ஒரு பெயரோ சின்னமோ "இந்தச் சரக்கு இன்னாரிடமிருந்து வருகிறது" என்று வாங்குகிறவருக்குச் சொல்லும்போது அது டிரேட்மார்க் ஆகிறது. அமெரிக்காவில் இதற்கான கூட்டாட்சிச் சட்டம் 1946இன் லேன்ஹாம் சட்டம். பெயருக்கு மட்டுமல்லாமல் பொருளின் தோற்றத்துக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். அதை வழக்கறிஞர்கள் டிரேட் டிரெஸ் என்பார்கள். அமெரிக்க ராணுவம் ஓட்டும் ஹம்வீ வண்டியை எடுத்துக்கொள்வோம். ஹம்வீ என்ற பெயர் ஒன்று. அதன் முகப்புக் கம்பி வரிசை, இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி, சதுரம் சதுரமான உடல் எல்லாம் சேர்ந்து தரும் தோற்றம் இன்னொன்று. வழக்குகளில் இரண்டும் ஜோடியாகவே வரும்.

தோற்றத்துக்கு உரிமை கேட்பவர் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதல் தடை, தனித்தன்மை. பொருளின் வடிவம் தானாகவே அடையாளம் ஆகிவிடாது; மக்கள் மனதில் அந்த வடிவம் ஒரு தயாரிப்பாளரோடு ஒட்டிக்கொண்டது என்று நிரூபிக்க வேண்டும் என 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குழந்தைகள் உடை பற்றி வால்மார்ட் நடத்திய வழக்கு.

இரண்டாவது தடைதான் ராணுவ வாகனங்களுக்குப் பெரிய தலைவலி. வேலை செய்வதற்காக அமைந்த வடிவத்துக்கு டிரேட்மார்க் கிடையாது. 2001இல் டிராஃப்பிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகச் சொன்னது. காரணம் சுலபமானது: இயங்கும் விதத்துக்குக் காப்புரிமை தருவது 20 ஆண்டுதான், அதையே டிரேட்மார்க் என்ற பெயரில் காலமெல்லாம் வைத்துக்கொள்ள விட்டால் காப்புரிமைச் சட்டத்துக்கே அர்த்தம் போய்விடும். இப்போது ஒரு போர் வண்டியைப் பாருங்கள். கவசம் சாய்வாக இருப்பது குண்டைத் திசைதிருப்ப. ஹம்வீ அத்தனை அகலமாக இருப்பது மேடுபள்ளத்தில் கவிழாமல் நிற்க. கோப்ரா வகை ஹெலிகாப்டரின் உடல் ஒல்லியாக இருப்பது எதிரிக்குச் சின்ன இலக்காகத் தெரிய. அழகுக்காக வைத்தது என்று சுட்டிக்காட்ட அதிகம் மிஞ்சாது.

அதிகம் மிஞ்சாது என்றால் ஒன்றுமே இல்லை என்று ஆகாது. ஜீப்பின் முகப்பில் ஏழு நீள்துளைகள். காற்று போக ஆறு போதும், எட்டும் ஆகும். ஏழு என்பது அடையாளம். இதே முகப்பை வைத்து ஹம்மர் ஹெச்2 காருக்கு எதிராக, அப்போது ஜீப்பைத் தயாரித்த டெய்ம்லர்கிரைஸ்லர் தடை கேட்டுப் போய், 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் இடைக்காலத் தடை கிடைக்காமல் திரும்பியது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றவர்களில் ஒருவர் ஏஎம் ஜெனரல், அதாவது ஹம்வீயைத் தயாரிக்கும் கம்பெனி. பின்னாளில் அதே கம்பெனி வாதியாக வருகிறது.

## ராணுவ வண்டி எப்படி வேறுபடுகிறது?

ரேஸ் கேமில் வரும் காரும் போர் கேமில் வரும் டாங்கியும் ஒன்று போலத் தெரியலாம். சந்தையைப் பார்த்தால் வேறு வேறு. கேமில் பார்த்த காரை நாளைக்குக் கடையில் போய் வாங்க முடியும். கார் கம்பெனிக்கும் விளையாடுகிறவருக்கும் நடுவே உண்மையிலேயே ஒரு வியாபார உறவு இருக்கிறது. ஆஸ்ப்ரே என்ற ராணுவ விமானத்தை யாரும் கேமில் பார்த்துவிட்டு ஆர்டர் செய்வதில்லை. வாங்குகிறவர் அரசாங்கம். ஏமாறுவதற்கு அவருக்கு வாய்ப்பே இல்லை.

பெயரிலும் ஒரு சுவாரசியம். ஹம்வீ என்பது விளம்பர நிறுவனம் உட்கார்ந்து யோசித்த பெயர் அல்ல. எச்எம்எம்டபிள்யூவி என்ற ராணுவச் சுருக்கெழுத்தை வாய்க்கு வந்தபடி உச்சரித்ததில் பிறந்தது. பின்னர் அதுவே கம்பெனியின் டிரேட்மார்க்காகப் பதிவானது. வண்டியை வாங்கியது அரசு, சுருக்கெழுத்து அரசுடையது, சின்னத்தின் உரிமை கம்பெனியிடம்.

அரசும் இதில் சும்மா இல்லை. அமெரிக்க ராணுவப் பிரிவுகள் தங்கள் இலச்சினைகளுக்குத் தனி டிரேட்மார்க் அலுவலகமே வைத்திருக்கின்றன. ஆகவே ஒரே வண்டியை கேமில் வைக்கும்போது வண்டி கம்பெனியின் பெயர், படைப்பிரிவின் முத்திரை என்று இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கலாம்.

இந்தச் சண்டை கேமோடு தொடங்கியதும் அல்ல. பிளாஸ்டிக் மாடல் விமானம், மாடல் டாங்கி செய்கிறவர்களிடம் ஆயுதக் கம்பெனிகள் உரிமத் தொகை கேட்கத் தொடங்கியபோது, நியூ ஜெர்சியைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ராப் ஆண்ட்ரூஸ் அதைத் தடுக்க 2000களில் ஒரு மசோதாவே கொண்டுவந்தார். மக்கள் காசில் உருவான வடிவத்துக்கு மக்களிடமே திரும்பவும் காசா என்பதுதான் வாதம். அது தனிச் சட்டமாக நிறைவேறவில்லை. நியாயமாகத் தோன்றும் வாதம்தான். ஆனால் முன்பே சொன்னதுபோல டிரேட்மார்க் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

## எதிர்த்தரப்பின் ஆயுதம்: பேச்சுரிமை

2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீடியோ கேமும் புத்தகம், நாடகம், சினிமா போல அரசியல் சாசனத்தில் பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தத்தின் பாதுகாப்புக்கு உட்பட்ட வெளிப்பாடுதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. அப்படியென்றால் கதைக்குள் ஒரு பிராண்ட் வந்ததற்காக நாவலாசிரியரை எவ்வளவு தூரம் தடுக்கலாமோ அவ்வளவு தூரம்தான் கேம் செய்பவரையும் தடுக்க முடியும்.

எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் அளவுகோல் முன்பே இருந்தது. இத்தாலிய இயக்குநர் ஃபெலினி எடுத்த "ஜிஞ்சர் அண்ட் ஃப்ரெட்" படத்தின் தலைப்பு தன் பெயரைச் சுரண்டுகிறது என்று நடிகை ஜிஞ்சர் ரோஜர்ஸ் போட்ட வழக்கு அது. 1989இல் வந்த தீர்ப்பிலிருந்து "ரோஜர்ஸ் சோதனை" பிறந்தது. இரண்டே கேள்விகள்:

1. அந்தப் பெயரோ சின்னமோ படைப்போடு கலைரீதியாகத் தொடர்புடையதா? கொஞ்சமாவது தொடர்பு இருந்தால் போதும்.

2. தொடர்பு இருந்தாலும், படைப்பு எங்கிருந்து வந்தது என்பதில் மக்களை வெளிப்படையாகத் திசைதிருப்புகிறதா?

முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் கேம் செய்தவர் தப்பித்தார். 2008இல் "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்" கேமில் லாஸ் ஏஞ்சலஸின் ஒரு நிஜ கிளப்பைக் கிண்டலடித்து "பிக் பென்" (Pig Pen, பன்றிக் கொட்டில்) என்று வைத்திருந்ததை இதே சோதனையில்தான் நீதிமன்றம் அனுமதித்தது.

## ஒரே நிஜத்தன்மை, இரண்டு முடிவுகள்

இனி வாகன வழக்குகள். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஹெலிகாப்டர் வழக்கு. "பேட்டில்ஃபீல்ட் 3" கேமில் பெல் ஹெலிகாப்டர்கள் மூன்று வந்தன: ஏஎச்-1இசட் வைப்பர், யூஎச்-1ஒய், வி-22 ஆஸ்ப்ரே. பெல்லின் தாய் நிறுவனமான டெக்ஸ்ட்ரான் ஆட்சேபித்ததும் கேம் கம்பெனியான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் முந்திக்கொண்டு, "நாங்கள் எந்த உரிமையையும் மீறவில்லை என்று அறிவியுங்கள்" என 2012 ஜனவரியில் கலிபோர்னியாவில் தானே நீதிமன்றம் போனது. கேமின் உறையில், நிஜ ஆயுதங்களும் வாகனங்களும் இருப்பதால் தயாரிப்பாளர்களின் ஆதரவு உண்டென்று பொருளில்லை என்ற அறிவிப்பும் இருந்தது. இவ்வளவு இருந்தும் டெக்ஸ்ட்ரானின் எதிர்வாதங்களை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய நீதிபதி வில்லியம் ஆல்சப் மறுத்தார். ஹெலிகாப்டர்களை விளையாடுகிறவரே ஓட்டுகிறார், அவை நிஜம் போலவே இயங்குகின்றன; அந்த நுணுக்கத்தைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொடுத்திருப்பார் என்று வாங்குகிறவர் நினைக்க இடமிருக்கிறது என்றார். 2013இல் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டதால் கடைசித் தீர்ப்பு என்று ஒன்று வரவில்லை.

இதில் உள்ள விபரீதத்தைக் கவனியுங்கள். எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்களோ அவ்வளவுக்குச் சந்தேகம். மோசமாக வரைந்த ஹெலிகாப்டராக இருந்தால் பிழைத்திருக்கலாம்!

இரண்டாவது, ஹம்வீ வழக்கு. 2017 நவம்பரில் ஏஎம் ஜெனரல் நியூயார்க்கில் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனி மீது வழக்குப் போட்டது. "கால் ஆஃப் டூட்டி" வரிசையில் பல கேம்களில் அனுமதியில்லாமல் ஹம்வீ வருகிறது. சில இடங்களில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோகிறது, சில இடங்களில் அதில் ஏறியே சண்டை. மற்ற சில கேம் கம்பெனிகள் எங்களிடம் உரிமம் வாங்கியிருக்கின்றன, இவர்கள் வாங்கவில்லை என்பது புகார். வாங்குவோரில் 16 சதவீதம் பேர் குழம்புகிறார்கள் என்று ஒரு கருத்துக்கணிப்பையும் முன்வைத்தது.

2020 மார்ச் 31 அன்று நீதிபதி ஜார்ஜ் பி. டேனியல்ஸ், சாட்சி விசாரணைக்கே போகாமல் ஆக்டிவிஷனுக்குச் சாதகமாக முடித்துவைத்தார். அவர் போன வழி இது:

1. கலைத் தொடர்பு. நிஜத்தன்மையே ஒரு கலை நோக்கம். நவீனப் போரைக் காட்டும் கேமில் நிஜப் படைகள் ஓட்டும் வண்டி இருப்பது அந்த நோக்கத்துக்கு உதவுகிறது. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

2. நோக்கங்களின் இடைவெளி. ஒருவர் படைகளுக்கு வண்டி விற்கிறார். இன்னொருவர் போரைப் போலச் செய்து காட்டும் கேம் விற்கிறார். ஒருவர் சந்தையில் இன்னொருவர் நுழையப் போவதில்லை.

3. குழப்பத்தின் அளவு. 16 சதவீதம் என்பதை அவர் முழுக்கத் தள்ளிவிடவில்லை. கொஞ்சம் குழப்பம் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டே, கலை வெளிப்பாட்டை நிறுத்தும் அளவுக்கு அது போதாது என்றார்.

மூன்றாவது புள்ளிதான் என் பார்வையில் முக்கியமானது. சோப்பு டப்பாவின் மேல் அடுத்தவர் பெயரை ஒட்டினால் கொஞ்சக் குழப்பம்கூடத் தப்பு. கதைக்குள் ஒரு வண்டி வந்தால் அதே அளவு குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2012இல் சந்தேகத்துக்குக் காரணமாக இருந்த நிஜத்தன்மை, 2020இல் பாதுகாப்புக்குக் காரணமாகிவிட்டது. இரண்டும் வெவ்வேறு கட்டத்தில், வெவ்வேறு மாவட்ட நீதிமன்றங்களில் வந்தவை; ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

## 2023இல் ஒரு நாய் பொம்மை

விஸ்கி பாட்டில் போலவே செய்த, நாய்கள் கடித்து விளையாடும் பொம்மை ஒன்றைப் பற்றி ஜாக் டேனியல்ஸ் விஸ்கி கம்பெனிக்கும் பொம்மை செய்தவர்களுக்கும் நடந்த வழக்கில், 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரோஜர்ஸ் சோதனைக்கு ஒரு வேலி போட்டது. அடுத்தவர் சின்னத்தை உங்கள் சரக்கின் அடையாளமாகவே பயன்படுத்தினால் அந்தச் சலுகை இல்லை. நீதிபதி எலினா கேகன் எழுதிய தீர்ப்பு அது. சோதனையையே ஒழித்துவிடவில்லை, நுழையும் வாசலைச் சுருக்கியது.

ஹம்வீ வழக்கு இதனால் கவிழ்ந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. "கால் ஆஃப் டூட்டி"க்குள் ஓடும் ஹம்வீ கேமின் பெயர்ப்பலகை அல்ல, கதையின் ஒரு பாத்திரம். சிக்கல் வரக்கூடிய இடம் வேறு. கேமுக்குள் இருக்கும் கடையில் ஒரு வண்டியைத் தனிச் சரக்காக, நிஜ பிராண்ட் பெயரை முன்னால் போட்டு, தனி விலைக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பெயர் கதைக்கு உதவுகிறதா, சரக்கை விற்க உதவுகிறதா? பழைய தீர்ப்புகள் எழுதப்பட்ட காலத்தில் கேம் என்றால் ஒரு டிஸ்க், ஒரு விலை. இன்றைய வியாபாரம் அப்படி இல்லை.

## ஐரோப்பாவில்

அங்கே ரோஜர்ஸ் சோதனை கிடையாது. வழிகாட்டியாக இருப்பது பொம்மைக் கார் வழக்கு: மின்னல் சின்னத்தோடு ஓப்பல் அஸ்ட்ராவின் ரிமோட் கார் மாடலை விற்ற ஆடெக் என்ற பொம்மைக் கம்பெனி மீது கார் கம்பெனியான ஓப்பல் தொடுத்தது. சின்னம் தன் வேலையைச் செய்வதற்கு, முக்கியமாக எங்கிருந்து வந்தது என்று காட்டுவதற்கு, இடையூறு வந்தால்தான் தடுக்கலாம் என்று 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2010இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றத்தில் ஓப்பல் தோற்றது. பொம்மைக் காரில் இருக்கும் சின்னம் நிஜக் காரின் நகல் என்றுதான் வாங்குகிறவருக்குத் தெரியும், பொம்மையைச் செய்தவரின் அடையாளமாகத் தெரியாது என்பதே சாரம். 2015இன் டிரேட்மார்க் வழிகாட்டு ஆணையும், நேர்மையான நடைமுறைக்கு உட்பட்ட கலைப் பயன்பாடு நியாயமானதே என்று முன்னுரையில் குறிப்பிடுகிறது. அமெரிக்கா பேச்சுரிமை வழியாக வந்து சேரும் இடத்துக்கு ஐரோப்பா வேறு பாதையில் வருகிறது, அவ்வளவு உறுதியில்லாமல்.

## அப்புறம் ஏன் இன்னமும் காசு கொடுக்கிறார்கள்?

சட்டம் இவ்வளவு சாதகமாக இருக்கும்போது உரிமம் எதற்கு என்று கேட்கலாம். சில காரணங்கள் வெளிப்படையானவை. உரிமம் வாங்கினால் நுணுக்கமான வரைபடம், எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்யும் வசதி, விளம்பரத்தில் பெயரைப் போடும் சுதந்திரம் கிடைக்கும். பெயரை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது கதைக்குள் பயன்படுத்துவதைவிட ஆபத்தானது. அங்கே அனுமதி வாங்குவது புத்திசாலித்தனம்தான்.

இன்னொரு காரணம் வெறும் பயம். ஹம்வீ வழக்கு முடிய இரண்டரை ஆண்டு ஆனது. ஆக்டிவிஷனால் அவ்வளவு காலம் வழக்கறிஞர்களுக்குக் கொடுக்க முடியும். நான்கு பேர் சேர்ந்து கேம் செய்யும் குழுவால் முடியாது. அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் ஒன்றே தீர்ப்பு. அதனால்தான் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி, கற்பனைப் பெயர் வைத்துத் தப்பிக்கிறார்கள். "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ" போன்ற பெரிய வரிசையே எல்லா வண்டிகளுக்கும் கற்பனைப் பெயர்தான் வைக்கிறது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வேறு வழியில் போனது: 2013இல், துப்பாக்கிக் கம்பெனிகளோடு உரிம உறவை முறிக்கிறோம், ஆனால் நிஜத் துப்பாக்கிகளைக் காட்டுவதை நிறுத்தமாட்டோம் என்று அறிவித்தது.

பயத்தில் கொடுக்கும் காசுக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. பத்து கம்பெனிகள் உரிமம் வாங்கினால், "கேமில் வண்டி வந்தாலே உரிமம் வாங்கித்தான் வந்திருக்கும்" என்று விளையாடுகிறவர்கள் நம்பத் தொடங்குவார்கள். அந்த நம்பிக்கையைத்தான் அடுத்த வழக்கில் வாதி கருத்துக்கணிப்பாக எடுத்துவந்து குழப்பத்துக்குச் சாட்சி என்று வைப்பார். ஏஎம் ஜெனரல் தன் பழைய உரிமங்களைக் காட்டி வாதாடியதும் இந்த வழியில்தான். அந்தமுறை பலிக்கவில்லை.